செங்குத்தை விற்றுப் பிழைக்கும் ஊர்



வானொலியில் ஓர் ஊரைக் காட்டுவதென்றால் காதுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். இன்றைக்கு எனக்கு அந்தக் கவலை இல்லை. சுவிட்சர்லாந்தின் பெர்ன் மாநிலத்து மலைக்குள் இருக்கும் லவுட்டர்புருன்னன் ஊரில் தண்ணீர் விழும் சத்தம் ஓய்வதே இல்லை. ஊர்ப்பெயருக்கே தெளிந்த ஊற்று என்றுதான் பொருள் சொல்கிறார்கள். பள்ளத்தாக்கு முழுவதும் 72 அருவிகள் என்பது ஊர்க்கணக்கு. எண்ணிச் சரிபார்க்க வேண்டாம். நல்ல மழை பெய்த மறுநாள் இன்னும் பத்துப் பதினைந்து கூடியிருக்கும்.

ஒரு பெரிய தொட்டியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடி தட்டை. இரண்டு பக்கமும் நேர்குத்தான பாறைச் சுவர். பனியாறு அரைத்து அரைத்து உண்டாக்கிய வடிவம் இது. சுவரின் உச்சியிலிருந்து கீழே விழுவதைத் தவிர ஓடைகளுக்கு வேறு வழி இல்லை. ஊரை ஒட்டியே விழுகிற ஷ்டாவ்ப்பாக் அருவிக்கு 297 மீட்டர் உயரம். குற்றாலத்து அருவி பாறையைத் தழுவிக்கொண்டு இறங்கும். இது பாறையை விட்டு விலகி அந்தரத்தில் விழுகிறது. பாதி வழியிலேயே காற்று அதைப் பொடியாக்கிவிடுகிறது. ஷ்டாவ்ப் என்றால் தூசி. 1779இல் கதே என்ற ஜெர்மன் கவிஞர் இங்கே வந்து பார்த்துவிட்டு, மனித மனத்தைத் தண்ணீரோடு ஒப்பிட்டு ஒரு கவிதை எழுதினார். அதற்குப் பிறகு படித்தவர்கள் வரத் தொடங்கினார்கள்.

அதுவரை இந்தச் செங்குத்து ஊருக்குச் சாபமாகத்தான் இருந்தது. உழ நிலம் இல்லை. குளிர்காலத்தில் சுவரைத் தாண்டி வெயில் எட்டிப் பார்க்கவே நேரமாகும். நிலத்துக்கு உரிமை கொண்டாடியது பக்கத்து ஊரான இன்டர்லாகனில் இருந்த மடம். மேலே ம்யூரன், கிம்மல்வால்ட் என்ற மலைமேட்டு ஊர்களில் குடியேறியவர்கள் தெற்கே பனிமலைக்கு அப்பாலிருந்து, லோட்ஷென் பள்ளத்தாக்கிலிருந்து வந்தவர்கள். 1349இல் மடத்தை எதிர்த்துக் கிளம்பினார்கள், அடக்கப்பட்டார்கள். 1528இல் சமயச் சீர்திருத்தம் வந்து மடம் போயிற்று, பெர்ன் நகரத்தின் ஆட்சி வந்தது. மேய்ப்பவனுக்குப் பெரிய வித்தியாசம் தெரிந்திருக்காது. பள்ளத்தாக்கின் கோடியில் சுரங்கம் தோண்டி உலோகம் எடுத்துப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. பெண்கள் வீட்டில் உட்கார்ந்து நூலில் லேஸ் பின்னி விற்றார்கள்.

ஊரின் தலையெழுத்தை மாற்றியது ரயில். 1890இல் இன்டர்லாகனிலிருந்து முதல் ரயில் வந்தது. அடுத்த ஆண்டே ம்யூரனுக்கு. 1893இல் வெங்கன் என்ற மேட்டு ஊர் வழியாக மலையைக் கடந்து கிரிண்டல்வால்ட் என்ற ஊர் வரை. இந்தச் சரிவில் சாதாரணச் சக்கரம் வழுக்கிவிடும். அதனால் நடுவில் பல்வைத்த தண்டவாளம், அதைப் பற்றிக்கொண்டு ஏறும் பல்சக்கரம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போனவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம் நீலகிரி ரயிலின் பல்தண்டவாள முறையும் ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் கண்டதுதான். அதில் ஓடிய நீராவி இன்ஜின்கள் பலவற்றையும் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் ஆலையில் செய்து அனுப்பினார்கள். ஆக, இந்த மலைக்கும் நமக்கும் தூரத்து உறவு உண்டு.

ஆனாலும் ஆசை அடங்கவில்லை. சூரிச் பக்கத்துத் தொழிலதிபர் அடால்ஃப் குயர்-ட்செல்லர் 1893இல் ம்யூரனுக்கு மேலே நடக்கப் போனார். எதிரே ஐகர், மோன்க், யுங்ஃப்ராவ் என மூன்று சிகரங்கள். அவற்றின் வயிற்றைக் குடைந்து ரயில் விட்டால் என்ன என்று தோன்றியது. அன்றிரவே தாளில் கோடு போட்டார். 1896இல் வேலை தொடங்கியது. குடைந்தவர்கள் பெரும்பாலும் இத்தாலியக் கூலித் தொழிலாளர்கள். வெடிவிபத்துகளில் உயிர்கள் போயின. 1899இல் குயர்-ட்செல்லரும் இறந்துபோனார். ஏழு ஆண்டில் முடியும் என்றது பதினாறு ஆண்டு இழுத்தது. 1912 ஆகஸ்ட் 1ஆம் தேதி, சுவிஸ் தேசிய நாளன்று, 3,454 மீட்டர் உயரத்தில் யுங்ஃப்ராவ்யோக் நிலையம் திறந்தது. இதை ஐரோப்பாவின் மிக உயர்ந்த ரயில் நிலையம் என்று விளம்பரப்படுத்துவார்கள். எனக்கு அந்தப் பெருமையைவிட, இருட்டுக் குகையில் பாறை வெட்டியவர்களின் நினைவுதான் முன்னே வருகிறது.

கோடையில் மட்டும் வந்த பணத்தைக் குளிர்காலத்துக்கும் நீட்டித்தவர்கள் ஆங்கிலேயர்கள். 1922இல் ம்யூரனில் ஆர்னால்ட் லன் என்பவர் கொடிக்கம்புகளை நட்டு, அவற்றுக்கு இடையே வளைந்து வளைந்து சறுக்கும் போட்டியை வைத்தார். இன்றைய ஸ்லாலம் போட்டிக்கு அதுவே தொடக்கம். 1930 முதல் வெங்கனில் லவுபர்ஹார்ன் சறுக்குப் போட்டி நடக்கிறது. நான்கரை கிலோமீட்டர் ஓட்டம். உலகக் கோப்பைப் பந்தயங்களில் இதைவிட நீளமான இறக்கம் கிடையாது. சினிமாவும் கைகொடுத்தது: 1969இல் வெளிவந்த ஜேம்ஸ் பாண்ட் படம் ஒன்றின் காட்சிகளை ஷில்ட்ஹார்ன் என்ற சிகரத்தின் உச்சி உணவகத்தில் எடுத்தார்கள். அந்தச் சுழலும் உணவகம் இன்னமும் அந்தப் படத்தின் பெயரைச் சொல்லித்தான் காசு பார்க்கிறது.

வெங்கனுக்கும் ம்யூரனுக்கும் கார் போகாது. காய்கறி, தபால், கட்டில், சிமெண்ட் எல்லாம் ரயிலிலோ கம்பிவண்டியிலோதான் ஏற வேண்டும். கார் இல்லாததையே விற்பனைச் சரக்காக்கியது ஊரின் கெட்டிக்காரத்தனம். மாட்டுத் தொழுவமும் போய்விடவில்லை. கோடையில் மாடுகள் மேல் புல்வெளிக்கு ஏறுகின்றன, கழுத்து மணி மலை முழுக்கக் கேட்கிறது. அங்கேயே பால் கறந்து பாலாடைக்கட்டி செய்கிறார்கள். பால் விலை மட்டும் கைகொடுக்காது. அரசாங்கம் நேரடியாகத் தரும் உதவித்தொகையில்தான் செங்குத்துப் புல்வெளிகள் அறுக்கப்படுகின்றன. இல்லையென்றால் புதர் மண்டி, பயணிகள் படமெடுக்கும் பச்சையும் மறைந்துவிடும்.

பார்க்க வேண்டியதில் ஒன்றே ஒன்றைத்தான் சொல்வேன்: டிரூமெல்பாக். மலைக்கு உள்ளே இறங்கும் பத்து அருவிகள். ஐகர், மோன்க், யுங்ஃப்ராவ் சிகரங்களின் இந்தப் பக்கத்துப் பனி உருகிய நீர் இந்தப் பிளவு வழியேதான் பாய்கிறது. உச்சத்தில் நொடிக்கு 20,000 லிட்டர் வரை. குகைக்குள் நின்றால் பாறை அதிர்வது காலில் தெரியும். பக்கத்தில் நிற்பவர் சொல்வது கேட்காது.

ஊராட்சியின் மக்கள்தொகை 2,300க்குச் சற்றுக் கூடுதல், பரப்பு 164 சதுர கிலோமீட்டர். யுங்ஃப்ராவ்யோக்குக்கு மட்டுமே நல்ல ஆண்டுகளில் பத்து லட்சம் பேர் ஏறுகிறார்கள். அலைபேசியில் ஷ்டாவ்ப்பாக் படம் பரவிய பிறகு ஒற்றைத் தெருவில் நடக்க இடமில்லை. காரில் வந்து ஒரு நாளில் திரும்புபவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்கலாமா என்று ஊர் 2024இல் யோசித்தது. என்னைக் கேட்டால் வாங்கட்டும் என்பேன். எதையும் வாங்காமல் படம் எடுத்துவிட்டுப் போகிறவனால் ஊருக்கு மிஞ்சுவது நெரிசலும் குப்பையும்தான்.

போக நினைக்கும் நேயர்கள் ஜூன் மாதம் போங்கள். பனி உருகி அருவிகள் நிறைந்திருக்கும். ஒரு நாளில் திரும்பாமல் இரண்டு இரவாவது தங்குங்கள். டிரூமெல்பாக்குக்கு மழைக்கோட்டு எடுத்துச் செல்லுங்கள். குளிர்காலத்தில் அது மூடியிருக்கும்.