ஜாதகமும் தடுப்பூசி அட்டையும்

(தாம்பரத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த பிரசங்கத்தின் சுருக்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கல்யாணத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும், தாலியைப் பற்றியதோ புரோகிதரைப் பற்றியதோ அல்ல. கல்யாணமான பெண் கடல் தாண்டிப் புருஷனிடம் போவதற்கு முன் செய்துகொள்ள வேண்டிய வைத்தியப் பரீட்சையைப் பற்றியதாகும். தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம் ஆகிய இந்தப் பக்கங்களிலே அமெரிக்காவில் ஒரு மகனோ, மருமகனோ இல்லாத தெருவைக் காண்பது இன்று அருமையாகிவிட்டது. ஆதலால் இதை யாரோ சில பணக்காரர்களின் விஷயம் என்று தள்ளிவிட வேண்டாம்.

அமெரிக்கப் பிரஜையோ, அங்கே நிரந்தரமாய்க் குடியிருக்க உரிமை பெற்றவரோ தம் மனைவியை, அல்லது புருஷனை, இங்கிருந்து அழைத்துக்கொள்ள வேண்டுமானால் குடியேற்ற விசா வேண்டும். 1996 ஆம் வருஷத்தில் அந்நாட்டார் செய்த சட்டப்படி, அந்த விசா கேட்கிறவர்கள் குறிப்பிட்ட நோய்களுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டதற்கு ருசு காட்டியாக வேண்டும். தூதராலயத்தார் அங்கீகரித்த டாக்டர்கள்தான் பரீட்சை செய்யலாம்; சென்னையிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. தற்காலிக வேலைக்குப் போகிறவரின் மனைவிக்கு இந்தக் கட்டாயம் இல்லை. நிலையாய்க் குடியேறப் போகிறவர்களுக்கே உண்டு.

அந்த டாக்டர் முன்னால் நம் பெண் போய் நிற்கும்போது அவர் என்ன கேட்கிறார்? என்ன நட்சத்திரம், என்ன ராசி, செவ்வாய் எந்த வீட்டில் இருக்கிறது என்றா கேட்கிறார்? தடுப்பூசி அட்டை எங்கே என்று கேட்கிறார். தோழர்களே, இங்கேதான் நம் யோக்கியதை வெளிப்படுகிறது. பிறந்த நிமிஷத்தைக் குறித்து, மஞ்சள் தடவி, துணியில் சுற்றி, இருபத்தைந்து வருஷமாய்ப் பெட்டிக்குள் பூட்டிவைத்த ஜாதகம் பத்திரமாய் இருக்கிறது. பத்துப் பொருத்தமும் பார்த்தாகிவிட்டது. பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரியிலே கொடுத்த அட்டை எங்கே என்றால், வீடு மாற்றும்போது பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டது என்கிறார்கள்! உயிரைக் காத்த காகிதம் குப்பைக்கும், ஒன்றுக்கும் உதவாத காகிதம் பெட்டிக்கும் போனதென்றால் இதைப் பற்றி நாம் வேறு என்ன சொல்ல வேண்டும்?

அட்டை இருந்தால், போட்ட ஊசியை மறுபடி போட வேண்டியதில்லை. அட்டை இல்லாவிட்டால் சில நோய்களுக்கு ரத்தப் பரீட்சை செய்து எதிர்ப்புச் சக்தி இருப்பதைக் காட்டலாம். அல்லது ஊசி போட்டுக்கொள்ளலாம். எல்லாத் தவணையும் முடியும் வரை, மாதக்கணக்கில் விசா கிடைக்காது என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். அது சரியல்ல. அன்று போடத்தக்க தவணையைப் போட்டுக்கொண்டால், இடைவெளி விட்டுப் போட வேண்டிய மற்றத் தவணைகளுக்காக விசாவை நிறுத்துவதில்லை.

நிற்க, சின்னம்மை வந்ததுண்டா என்றும் டாக்டர் கேட்பார். நம்மவர்கள், "ஆத்தாள் வந்திருந்தாள், வேப்பிலை கட்டினோம், மூன்று தண்ணீர் ஊற்றினோம்" என்பார்கள். டாக்டருக்கு அது நம்பத்தக்கதாய்ப் பட்டால், சின்னம்மை கண்டவர் என்று எழுதிக்கொண்டு அந்த ஊசியை விட்டுவிடலாம். அவருடைய பாரத்திலே நோய்க்கு இடமுண்டு, ஆத்தாளுக்கு இடமில்லை.

சின்னம்மைக்கு அண்ணனான பெரியம்மை என்ன ஆயிற்று? இதோ பக்கத்திலே, கிண்டியிலே, 1899 இல் ஏற்பட்ட கிங் இன்ஸ்டிடியூட்டில் அதற்கு அம்மைப்பால் தயாரித்தார்கள். குத்தினார்கள். 1975 க்குப் பிறகு இந்தியாவில் யாருக்கும் இயற்கையாய்ப் பெரியம்மை வரவில்லை. 1980 இல் உலகத்திலேயே ஒழிந்தது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தார் அறிவித்தார்கள். கூழ் ஊற்றியதால் போயிற்று என்பீர்களானால், கூழ் என்றால் என்னவென்றே அறியாத பிரேசில் தேசத்தில் எப்படிப் போயிற்று என்று யோசித்துப் பாருங்கள்.

இனி முக்கியமான சங்கதிக்கு வருகிறோம். அந்த ஜாபிதாவிலே ரூபெல்லா என்று ஒன்று உண்டு. பெரியவர்களுக்கு வந்தால் இரண்டொரு நாள் காய்ச்சலும் தடிப்புமாய்ப் போய்விடும். கர்ப்பிணிக்கு, அதிலும் முதல் மூன்று மாதத்தில் வந்தாலோ, பிள்ளை கண் தெரியாமலோ, காது கேளாமலோ, இருதயக் கோளாறோடோ பிறக்கலாம். அப்படிப் பிறந்தால் நம் ஊரார் என்ன சொல்லுகிறார்கள்? பூர்வ ஜன்ம பாவம், நாக தோஷம், தாய் கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்று, பெற்றவள் தலையிலேயே பழியைப் போடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் இந்த ஊசியைச் சர்க்கார் 2017 பிப்ரவரியில் தொடங்கி, 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் போட்டார்கள். ஊசி போட்டால் பெண்களுக்குப் பிள்ளை பிறக்காது என்று அப்போது கைப்பேசிகளில் வதந்தி கிளப்பிய மேதாவிகளும் உண்டு. அன்று 15 வயதைத் தாண்டியிருந்த பெண்கள் யார்? இன்று கல்யாணமாகி, பிள்ளை பெறும் வயதில் இருக்கிறவர்களே அவர்கள்! காசு கொடுத்துத் தனியார் டாக்டரிடம் போட்டுக்கொண்டவர் தவிர மற்றவர்கள் விட்டுப்போனவர்கள். இதற்கான ஊசியையும், சின்னம்மை ஊசியையும் கர்ப்ப காலத்தில் போடக்கூடாது. போட்டபின் ஒரு மாதமாவது கர்ப்பம் தரிக்காமல் இருக்க வேண்டும். கர்ப்பமாய்ப் போனால் டாக்டர் அந்த ஊசிகளுக்கு விலக்கு எழுதிக் கொடுத்துவிடுவார், விசாவும் கிடைத்துவிடும். ஆனால் ரூபெல்லாக் கிருமி அந்த விலக்குச் சீட்டைப் படித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகுமா?

அமெரிக்கர் செய்ததெல்லாம் வேதவாக்கு என்று நாம் சொல்லவில்லை. கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசியை 2008 இல் 11 முதல் 26 வயது வரையுள்ள, குடியேற வரும் பெண்களுக்குக் கட்டாயமாக்கினார்கள். தம் சொந்தப் பெண்களுக்கு இல்லாத கட்டாயம் வருகிறவர்களுக்கு மட்டும் ஏன் என்று பெண்கள் சங்கத்தார் கேட்டார்கள். கூட்டமாய்ப் பரவக்கூடிய நோயா, அந்நாட்டில் ஒழிந்துபோன, அல்லது ஒழிந்துவரும் நோயா என்ற அளவுகோலை வைத்துப் பார்த்து, 2009 டிசம்பரில் அதை நீக்கினார்கள். கோவிட் ஊசியை 2021 இல் சேர்த்தார்கள், 2025 இல் எடுத்தார்கள். கேள்வி கேட்டு மாற்றக்கூடியதாய் இருப்பதுதான் மனிதன் செய்த சட்டத்தின் பெருமை. பஞ்சாங்கத்தை அப்படிக் கேட்டவர் உண்டா?

அங்கும் மதத்தின் பேரால் எந்த ஊசியும் வேண்டாம் என்கிறவர்கள் தனியாய் விண்ணப்பித்து விலக்குக் கேட்க இடமிருக்கிறது. அங்கேயே பிறந்தவர்களிலும் ஊசியை மறுக்கிறவர்கள் உண்டு. பலன் என்ன? 2000 இல் ஒழிந்ததாய்ச் சொன்ன தட்டம்மை 2025 இல் டெக்ஸாஸில் பரவி, ஊசி போடாத இரண்டு குழந்தைகளைக் கொன்றது. மூடத்தனத்திற்கு விசா வேண்டியதில்லை தோழர்களே, அது எல்லாத் தேசத்திலும் குடியிருக்கிறது.

ஆகவே, பிள்ளைவீட்டாரும் பெண்வீட்டாரும் ஜாதகத்தை மாற்றிக் கொள்வதை விட்டு, ஊசி அட்டையை மாற்றிக் கொள்ளுங்கள். அட்டை இல்லாவிட்டால், ஆணும் பெண்ணும் கல்யாணத்திற்கு முந்தியே டாக்டரைப் பார்த்து, வேண்டியதைப் போட்டுக்கொண்டு, எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காக்காரன் கேட்கிறான் என்பதற்காக அல்ல. அவன் கேட்காவிட்டாலும், தாம்பரத்தைத் தாண்டியே போகாவிட்டாலும், பிறக்கப் போகும் பிள்ளை உங்கள் பிள்ளைதானே! அதற்குக் கண்ணும் காதும் வேண்டும் என்பதை மனதில் வைத்து நடக்கும்படி கேட்டுக்கொண்டு, இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.