நிச்சயித்த மணமும் மாறிய உருவமும்

மனிதர் தம் உடலை விட்டு வேறோர் உடலுக்கு மாறுவதையும், பெரியவர்கள் பேசி முடித்த திருமணத்தின் வழியாகவே அவர்களுக்குள் காதல் பிறப்பதையும் சொல்லும் கதைகள், மேலை நாட்டு மாய நாவல்களில் இன்று ஒரு தனி வகையாக வளர்ந்திருக்கின்றன. ஓநாயாக உருமாறும் இரண்டு ஆண்களைக் குலத்தலைவர்கள் உடன்படிக்கையின் பொருட்டு மணமுடித்து வைப்பதும், முன்பின் அறியாத அவ்விருவரும் மெல்ல நெருங்குவதும் அந்நாவல்களில் அடிக்கடி வரும் கட்டமைப்பு. உருமாற்றம், ஒருபால் நேசம், நிச்சயித்த மணம் ஆகிய மூன்றும் ஒரே கதைக்குள் பின்னிக் கிடப்பதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழுக்குக் கொண்டுவந்தவர் ஒரு பாண்டிய மன்னர்.

வடமொழி ஸ்காந்த புராணத்தின் ஒரு பகுதியான பிரமோத்தர காண்டம், சிவராத்திரி, பிரதோஷம், சோமவாரம் என்னும் திங்கட்கிழமை நோன்பு முதலியவற்றின் பெருமையைக் கதைகளால் விளக்கும் நூல். தென்காசிப் பாண்டியருள் ஒருவரான வரதுங்கராமர் அதனைத் தமிழ்ச் செய்யுளாக இயற்றினார். இந்தக் காண்டத்தில் நிடத நாட்டு அரசி சீமந்தினியின் சோமவார வழிபாட்டைச் சொல்லுமிடத்தில் சுமேதன், சாமவான் என்னும் இரண்டு அந்தண இளைஞர்களின் வரலாறு வருகிறது. நண்பர்களான தந்தையர் இருவருக்குப் பிறந்து, ஒன்றாக வளர்ந்து, ஒரே ஆசிரியரிடம் ஓதிய இவர்கள், தங்கள் திருமணச் செலவுக்குப் பொருள் வேண்டி விதர்ப்ப மன்னனிடம் செல்கின்றனர். பொருள் கொடுக்க மனமின்றியோ, விளையாட்டாகவோ, அம்மன்னன் ஒரு சூழ்ச்சி சொல்கிறான்: திங்கட்கிழமைதோறும் அந்தணத் தம்பதியரை உமையும் சிவனுமாக எண்ணி வழிபட்டு வெகுமதி வழங்கும் சீமந்தினியிடம், ஒருவன் பெண்வேடம் பூண்டு, இருவரும் கணவன் மனைவியாகப் போய் நிற்க வேண்டும். பொய் சொல்ல அஞ்சினாலும் அரச ஆணையை மறுக்கத் துணிவின்றி அவர்கள் போகிறார்கள். வேடத்தைக் கண்டுகொண்ட அரசி புன்னகைத்தாளே தவிர, வழிபாட்டில் குறை வைக்கவில்லை; அவள் சாமவானை உமையாகவே நினைத்துப் பூசித்த அந்த நினைவின் வலிமையால் சாமவான் உண்மையிலேயே பெண்ணாகிவிடுகிறான்.

இதற்குப் பின்வரும் பகுதியே கதையின் உயிர்நிலை. திரும்பும் வழியில் காதலை முதலில் வெளியிடுபவர், பெண்ணாகிச் சாமவதி எனப்படும் சாமவானே. திகைத்துப்போன சுமேதன், ஊர் சென்று பெரியவர்களிடம் சொல்வோம் என்று தடுக்கிறான். ஒரே மகனை இழந்ததாக எண்ணிய சாமவானின் தந்தை மன்னனிடம் முறையிட, மன்னனும் முனிவர் ஒருவரும் வேண்டியபின் தோன்றிய அம்பிகை, தன் அடியவள் செய்ததை மாற்ற இயலாது என்று மறுத்து, தந்தைக்கு வேறொரு மகனை அருளி, சாமவதியைச் சுமேதனுக்கே மணமுடிக்குமாறு பணிக்கிறாள். இளமை முதல் இணைந்திருந்த இருவரைப் பிரிக்காமல் தெய்வமே முன்னின்று நிச்சயிக்கும் திருமணம் இது. எனினும் அந்த மணத்துக்குக் கொடுக்கப்பட்ட விலையையும் கருத வேண்டும். இரண்டு ஆண்களின் நெருக்கம் மணப்பந்தலுக்கு வருவதற்கு முன் ஒருவர் தம் உடலை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. ஊர் எல்லையில் மண்புரவிகள் சூழ வீற்றிருக்கும் ஐயனாரை அரனுக்கும் மோகினியாகிய அரிக்கும் பிறந்தவர் என்று போற்றும் புராண மரபிலும், கூவாகத்தில் அரவானை மணக்கக் கண்ணன் மோகினியாவதிலும் இதே ஒழுங்கு காணப்படுகிறது.

இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கியவர் ராஜஸ்தானி எழுத்தாளர் விஜய்தான் தேத்தா. 1926இல் பிறந்து 2013இல் மறைந்த அவர், போரூந்தா என்னும் தம் சிற்றூரிலேயே வாழ்ந்து, நாட்டார் கதைகளைக் கேட்டுத் திரட்டித் தம் நடையில் மறுபடி எழுதியவர். அத்தொகுப்புக்காக 1974இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். அவருடைய ‘இரட்டை வாழ்க்கை’ என்னும் பொருள்படும் கதையில், நெருங்கிய நண்பர்களான இரண்டு வணிகர்கள், தங்களுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே மணம் பேசி வைக்கின்றனர். பிறப்பவை இரண்டும் பெண் குழந்தைகள். வரப்போகும் சீர்வரிசையை இழக்க விரும்பாத ஒருவர், தம் மகளை மகனென்று சொல்லியே வளர்த்துத் திருமணத்தையும் நடத்தி முடிக்கிறார்.

இவ்வணிகர்களின் பேச்சுவார்த்தை ஆத்தங்குடியும் அதைச் சூழ்ந்த செட்டிநாட்டு ஊர்களும் எளிதில் அடையாளம் காணக்கூடியது. ஒன்பது நகரக் கோயில்களில் எந்தக் கோயிலைச் சேர்ந்தவர் என்று பார்த்து, ஒரே கோயிலைச் சேர்ந்த ஒரே பிரிவுக்குள் மணம் கொள்ளாமல், பெற்றோர் பேசி முடிப்பது அவ்வூர்களின் வணிகச் சமூகத்தினரான நகரத்தார் வழக்கம். திருமணத்தில் இசைகுடிமானம் என்னும் ஆவணம், அதாவது இரு வீட்டாரும் இசைந்ததைப் பதியும் எழுத்து, முன்பு ஓலையிலும் பின்பு தாளிலும் எழுதப்பட்டு வந்திருக்கிறது. மணமான ஆணும் அவன் மனைவியும் சேர்ந்ததே ஒரு ‘புள்ளி’. கோயில் வரி முதல் ஊர்ப்பொது வரை அந்தப் புள்ளியைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. பதிவு இவ்வளவு துல்லியமாக உள்ள வணிகச் சமூகத்தில் இரண்டு பெண்கள் ஒரு புள்ளியாவது எப்படி என்பதே தேத்தாவின் கதை எழுப்பும் கேள்வி. அவருடைய வேறொரு கதையில், வணிகத்துக்காகப் பிரிந்துபோன கணவனின் உருவெடுத்துப் பேயொன்று மனைவியுடன் வாழ்கிறது. மணி கௌல் 1973இல் ‘துவிதா’ என்றும், அமோல் பாலேகர் 2005இல் ‘பஹேலி’ என்றும் படமாக்கிய அந்தக் கதை, கணவர் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போக, ஆத்தங்குடிக் கற்கள் பதித்த வளவுகளில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த ஆச்சிமாரின் வாழ்க்கைக்கு மிக அருகில் நிற்கிறது.

‘இரட்டை வாழ்க்கை’ கதையில், முதலிரவில் உண்மை தெரிந்த பின்னும் பீஜா, தீஜா என்னும் அவ்விரு பெண்களும் பிரியாமல் வாழ முடிவு செய்கின்றனர். ஊர் கொதித்தெழ, அவர்கள் பேய்களின் இருப்பிடத்துக்குச் செல்கின்றனர். மனிதர் தராத அடைக்கலத்தைப் பேய்களின் தலைவன் தருகிறான். அங்கே, ஆணாக வளர்ந்தவள் உண்மையான ஆணுடலை விரும்பிப் பெறுகிறாள். பாரதத்தில் துருபதன் மகளாகப் பிறந்து மகனாக வளர்க்கப்பட்ட சிகண்டிக்கு யட்சன் ஒருவன் தன் ஆண்மையைக் கைமாற்றிக் கொடுத்து, தசார்ண நாட்டு இளவரசியுடனான மணத்தைக் காப்பாற்றுவான். அங்கே சிக்கல் தீர்ந்துவிடுகிறது. தேத்தாவின் கதையிலோ சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஆணுடல் வந்தவுடன் அதிகாரமும் செருக்கும் கூடவே வருகின்றன. சமமாக இருந்த துணை அடங்க வேண்டியவளாகக் கருதப்படுகிறாள். அவளுடைய வேதனையைக் கண்டு தெளிந்தவள் தலைவனிடம் மீண்டும் பெண்ணுடலையே கேட்டுப் பெறுகிறாள். காதலுக்கு இடையூறாக இருந்தது உடலன்று, ஆணுக்கும் பெண்ணுக்கும் சமூகம் வகுத்துவைத்த படிநிலையே என்பதை இவ்வளவு நேராகச் சொன்ன உருமாற்றக் கதை இந்திய மொழிகளில் அரிது.

சட்டத்தின் போக்கை இக்கதைகளின் அருகே வைத்துப் பார்ப்பது தெளிவு தரும். ஆத்தங்குடி அமைந்த சிவகங்கை மாவட்டத்தையும் தன் எல்லைக்குள் கொண்ட சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஓர் ஆணுக்கும் திருநங்கைக்கும் தூத்துக்குடியில் நடந்த திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. திருநங்கையர் தம்மைப் பெண்ணாக உணர்பவர்களாதலால் வரத்தால் மாறிய சாமவானோடு அவர்களை முற்றும் ஒப்பிடுவது பொருந்தாது; ஆயினும் பிறப்பில் குறிக்கப்பட்ட பாலைக் கடந்து வந்த மணமகளை ஏற்கும் அளவுக்குச் சட்டம் வந்துவிட்டது. பீஜா, தீஜா போன்றோர் பொருட்டு அது இன்னும் நகரவில்லை: 2018 செப்டம்பர் 6 அன்று ஒருபால் உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கிய உச்சநீதிமன்றம், 2023 அக்டோபர் 17 அன்று ஒருபால் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு வழங்க மறுத்தது. அதன் பின், பிரித்து வைக்கப்பட்ட இரு பெண்களின் வழக்கில் 2025 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம், குடும்பம் அமைவதற்குத் திருமணம் ஒன்றே வழியன்று எனக் கூறி, பெற்றோர் வீட்டில் தடுத்து வைக்கப்பட்டிருந்த பெண் தாம் விரும்பிய துணையுடன் செல்ல அனுமதித்தது.