பெயரில் மட்டும் மருந்து
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



விடுதியில் யாராவது ஒருத்தியின் மாமா லண்டனிலிருந்து டைஜெஸ்ரிவ் பிஸ்கற் அனுப்பினால், அன்றிரவே பைக்கற் காலி. ஆளுக்குப் பாதிதான் கிடைக்கும். தேத்தண்ணியில் தோய்த்து, உடைந்து விழுமுன் வாயில் போடுவது ஒரு கலை. கோதுமைத் தவிட்டின் மணம், மெல்லிய இனிப்பு, அடியில் ஒரு துளி உப்பு. அந்தச் சுவை இன்றும் நாவில் நிற்கிறது.

இந்தப் பிஸ்கற் ஸ்கொட்லாந்தில் பிறந்தது. 19ஆம் நூற்றாண்டில் அப்பச்சோடா வயிற்றுப் புளிப்பை ஆற்றும் என்று நம்பி, அது சேர்த்த பிஸ்கற்றுக்குச் ‘சமிபாட்டுக்கு உதவுவது’ என்று பெயர் வைத்தார்கள். 1892 இல் எடின்பரோவின் மக்விற்றி நிறுவனத்தில் அலெக்சாண்டர் கிராண்ட் என்ற இளைஞர் அமைத்த செய்முறைதான் உலகெங்கும் பரவியது. 1925 இல் அதற்குச் சொக்கிலேற் பூச்சும் வந்தது. ஆனால், மாவில் சேர்க்கும் சோடா வெதுப்பும்போதே வாயுவாகிப் பிஸ்கற்றைப் பொங்கச் செய்துவிடுகிறது. வயிற்றுக்கு மருந்தாகும் அளவுக்கு அதில் எதுவும் மிஞ்சுவதில்லை. பெயர் மட்டும் மிஞ்சியது.

அந்தப் பெயர் என் கிளினிக்குக்கும் வந்தது. எங்களுக்குக் கற்பித்த ரீச்சர் ஒருவருக்குச் சலரோகம். மருந்தைக் கூட்டியும் சீனி இறங்கவில்லை. சோறு, பாண், இடியப்பம் எல்லாம் விசாரித்தேன். தேத்தண்ணியோடு என்ன சாப்பிடுகிறார் என்று மட்டும் கேட்கவில்லை. அந்தப் பிழை என்னுடையது. ஒருநாள் அவரே சொன்னார்:

“பிள்ளை, நான் நல்ல கட்டுப்பாடு. காலையில் நாலு, இரவில் நாலு டைஜெஸ்ரிவ் மட்டும்தான். அது மருந்து மாதிரித்தானே?”

ஒரு பிஸ்கற்றில் சுமார் 70 கலோரி. எட்டில் ஏறக்குறைய 560. அத்துடன் நான்கு தேக்கரண்டி அளவு சீனி, அதற்கு மேல் மாவும் கொழுப்பும். கணக்கைச் சொன்னதும் ரீச்சர் சிரித்தார். பிறகு கண் கலங்கினார். “கணக்குப் படிப்பித்த எனக்கே கணக்குப் பிழைச்சுப்போச்சு” என்றார். இப்போது வாரத்தில் ஒருநாள் ஒன்று மட்டும் சாப்பிடுகிறார். சீனியும் இறங்கி வருகிறது. “என் பெயரைச் சொல்லாமல் பிள்ளைகளுக்குச் சொல்லு” என்று அவரே அனுமதி தந்தார்.

எனவே தோழிகளே, வீட்டில் இருக்கும் அம்மா அப்பாவிடம் தேத்தண்ணியோடு என்ன சாப்பிடுகிறார்கள் என்று இன்றே கேளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் தொலைபேசியில் கேளுங்கள்.

இன்னொன்று. வெதுப்பகத்தில் தொழில் பழகத் தொடங்கிய அந்தக் கிராண்ட், பின்னாளில் ஒரு இலட்சம் பவுண் கொடுத்தார். அந்தக் கொடையே 1925 இல் ஸ்கொட்லாந்து தேசிய நூலகம் உருவாக வழி செய்தது. பிஸ்கற் வயிற்றுக்கு மருந்தாகவில்லை. அது தேடித் தந்த பணம் அறிவுக்கு உணவாயிற்று. எமது கல்லூரி நூலகத்தின் இறாக்கைகளும் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.