கலங்கிய நீர் சொல்லும் செய்தி

நாராயணவனம் போன்ற ஊர்களில் வாழும் நம்மவர்க்குச் சிறுநீரகம் செயலிழந்தால், அடிக்கடி திருப்பதி மருத்துவமனைக்குச் செல்லாது, வீட்டிலேயே வயிற்றினுள் நீரேற்றி இரத்தத்தைத் தூய்மை செய்யும் முறை உதவக்கூடும்.

வடிந்துவரும் நீர் தெளிந்திருக்க வேண்டும். கலங்கினால் தொற்றென ஐயுறுக. பெரும்பாலும் பாக்டீரியாவே காரணம். சிலவேளை காண்டிடா என்னும் பூஞ்சை. முன்பு உட்கொண்ட நுண்ணுயிர்க்கொல்லிகளே பலருக்கு அதற்கு வழிதிறக்கின்றன.

பூஞ்சையென்று தெரிந்ததும் குழாயை உடனே அகற்றி, அதன்பின்னும் 2 வாரமேனும் பூஞ்சைக்கொல்லி தரவேண்டும் என்பது 2022ஆம் ஆண்டின் பன்னாட்டு நெறி. குழாயைக் காக்க எண்ணித் தயங்கி, உயிரை இழத்தல் தகுமோ?

மொழி வராவிடினும், கலங்கிய நீர்ப்பையை அன்றே மருத்துவரிடம் எடுத்துச் செல்வோம். நம் பொருட்டு அதுவே பேசும்.