முழங்கையும் கணக்கும்

விளையாட்டில் கணக்கு என்றால் ஓட்டங்களைக் கூட்டிப் பார்ப்பதே என்று நெடுங்காலம் எண்ணி வந்தோம். இன்றோ டென்னிஸ் பந்து கோட்டுக்குள் விழுந்ததா என்பதையும், கால்பந்தாட்டக்காரர் ஆப்சைடில் நின்றாரா என்பதையும் காமிராக்கள் திரட்டும் எண்களே சொல்லுகின்றன. 2025-ஆம் ஆண்டு விம்பிள்டனில் கோட்டு நடுவர்களே இல்லாமற் போயினர். ஆயினும் எண்கள் ஒரு மனிதரின் மானத்தைக் காத்த வரலாறு கிரிக்கெட்டில்தான் உண்டு.

1995 டிசம்பர் 26-ஆம் நாள் மெல்போர்னில், இலங்கைத் தமிழர் முத்தையா முரளிதரன் வீசிய பந்துகளை நடுவர் டாரல் ஹேர் ஏழு முறை 'நோ பால்' என்றார். வீசவில்லை, எறிகிறார் என்பது குற்றச்சாட்டு. கண்ணுக்கு அப்படித்தான் தோன்றியது. ஆனால் அவருடைய முழங்கை பிறவியிலேயே முழுதும் நீளாதது. கை வளைந்திருப்பது குற்றமன்று. வீசும்போது வளைவு நிமிர்வதே குற்றம். 1996-இல் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் ஹாங்காங்கிலும் அளந்து பார்த்த அறிஞர்கள், எறிவதுபோல் தெரிவது கண்மயக்கம் என்றனர். பிற்பாடு மற்றவர்களையும் அளந்தார்கள். ஒழுங்கானவர்கள் என்று பெயர் பெற்றவர்களின் முழங்கையும் ஓரளவு நிமிரத்தான் செய்தது! ஆகவே 2005 மார்ச் முதல் எல்லோர்க்கும் 15 பாகை வரை அனுமதி என்று விதி அமைந்தது. முரளிதரன் 800 விக்கெட்டுகளோடு 2010-இல் டெஸ்டு ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

இத்தகைய சோதனைக்கூடம் தாம்பரத்திலிருந்து வெகு தொலைவில் இல்லை. புறவழிச் சாலையில் வடக்கே சென்றால் போரூர். அங்குள்ள ஸ்ரீ ராமச்சந்திரா விளையாட்டு அறிவியல் மையத்துக்கு 2015-இல் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் அங்கீகாரம் அளித்தது. அவ்வாண்டு சுனில் நரைன் இங்கு வந்து சோதனைக்கு உட்பட்டார். தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகியவற்றில் ஒளியைத் திருப்பும் சிறு உருண்டைகளை ஒட்டி, சுற்றிலும் அதிவேகக் காமிராக்களை நிறுத்துகிறார்கள். கை தோளின் மட்டத்துக்கு வரும் கணம் முதல் பந்து விடுபடும் கணம் வரை முழங்கை எத்தனை பாகை நிமிர்ந்தது என்று கணக்கிடுகிறார்கள். சோதனை என்றதும் அடக்கமாக வீசிவிட்டுப் போகவும் முடியாது. ஆட்டத்தில் வீசிய வேகத்தோடும் சுழற்சியோடும் ஒப்பிடுவார்கள்.

சேலையூரிலோ பெருங்களத்தூரிலோ ஆடும் பையனுக்கு இந்த நீதி எட்டுவதில்லை என்பதே என் குறை. "மாங்கா அடிக்கிறான்" என்ற ஒரே சொல்லில் அவன் கையிலிருந்து பந்தைப் பிடுங்கிவிடுகிறோம். இப்போது சில பயிற்சியாளர்கள் கைப்பேசியில் படம் பிடித்து, நிறுத்தி நிறுத்திக் காட்டித் தீர்ப்பும் கூறுகிறார்கள். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் எடுத்த படத்தில், தோளோடு சேர்ந்து சுழலும் வளைந்த கை நிமிர்வதாகவே தோன்றும். மெல்போர்னில் கண் செய்த பிழையைத்தான் கைப்பேசியும் செய்கிறது. மாவட்ட அணிக்குத் தேர்வு நடக்கும்போதாவது, ஐயத்துக்குரிய பையன்களை ஒரு நாள் போரூருக்கு அழைத்துச் சென்று சங்கத்தின் செலவில் அளந்து பார்க்கலாம். அளக்கும் வரை அவர்கள் வீசட்டும்.