மண்குதிரையும் மழையும்

(தோட்ட மக்களிடையே ஆற்றிய உரை)



மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா என்று நம் பெரியோர் கேட்பர். ஆற்றிடை மேடாகிய 'மண்குதிர்' என்பதே மருவிக் குதிரை ஆயிற்று என்பாரும் உளர். அது நிற்க. சுடாத மண்குதிரை ஆற்றில் கரையும் என்பதில் ஐயமில்லை. ஆனால் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை, சிவகங்கை வட்டாரங்களில் ஐயனார் கோயில் தோப்புகளுக்குச் சென்றால், ஆளுயரத்தையும் விஞ்சிய மண்குதிரைகள் வெயிலிலும் மழையிலும் வரிசையாக நிற்கக் காணலாம். நம் தோட்டக் கோயில்களில் சிமெண்டினால் எழுப்பப்பட்ட குதிரைகளுக்கு அவையே மூத்தவை. நம் முன்னோர் கங்காணியின் பின்னே கப்பலேறியபோது தெய்வத்தை உடன் கொணர்ந்தனர். மண்ணில் குதிரை எழுப்பும் கைப்பழக்கமோ பெரும்பாலும் அக்கரையிலேயே தங்கிவிட்டது. அப்பழக்கம் எத்தகையது என்பதை இன்று காண்போம்.

குதிரை செய்பவர் வேளார் எனப்படும் குயவர். விழா எடுப்பதென முடிவானதும் ஊரார் ஒருபிடி மண்ணை அவர் கையில் கொடுப்பர். அதற்குப் பிடிமண் என்று பெயர். பின்னர் களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதிப்பர். வெறுங்களி காயும்போது சுருங்கும், சுருங்கும்போது வெடிக்கும். மணல் அச்சுருக்கத்தைக் குறைக்கின்றது. உமி நெருப்பில் எரிந்து நுண்துளைகளை விட்டுச்செல்கின்றது.

முதலில் எழுவன கால்கள். அவை நான்கு குழாய்கள். திரித்த மண்ணை வளையம் வளையமாக ஏற்றி, உட்புறம் கல்லை அணைகொடுத்து, வெளிப்புறம் மரப்பலகையால் தட்டி இறுக்குவர். கால் இறுகிய பின்னரே வயிறு, வயிறு இறுகிய பின்னரே மார்பும் கழுத்தும், தலை கடைசி. அவசரப்பட்டு ஒரே நாளில் ஏற்றினால் ஈரக்கால் பாரம் தாங்காது உட்கார்ந்துவிடும். குதிரை முழுதும் உள்ளே வெற்றிடமே. மணிமாலை, கடிவாளம், பிடரி யாவும் விரலால் உருட்டி ஒட்டப்படுபவை. ஒரு குயவரின் கை வேறு, மற்றவரின் கை வேறு என்பது அங்கேதான் தெரியும். சுட்டு வண்ணம் தீட்டிய குதிரைகளை ஊர்வலமாக எடுத்துச் சென்று ஐயனாருக்கு ஒப்படைப்பதே புரவியெடுப்பு. பழைய குதிரை சிதைந்தாலும் அப்புறப்படுத்துவதில்லை. அதனருகே புதியது நிற்கும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் கோயில்கள் இடம்பெயர நேர்ந்ததை நாம் அறிவோம். சிமெண்டுக் குதிரையைப் பெயர்த்தெடுத்தல் அரிது. உடைத்துவிட்டே போக நேரும். பிடிமண்ணோ முந்தானையில் முடிந்து கொண்டுபோகத் தக்கது. அதனைக் குதிரையாக்கத் தெரிந்த கை ஒன்றேனும் நம்மிடையே இருக்க வேண்டாமா?

சுடுமண் வேலை இந்நாட்டுக்கும் புதிதன்று. பேராக்கில் கோலகங்சாரை அடுத்த சாயோங்கில் மலாய்ப் பெண்மணிகள் தொன்றுதொட்டுச் சுரைக்காய் வடிவக் குடுவைகள் செய்து சுட்டு, சூடாறுமுன் உமியிலிட்டுக் கறுப்பேற்றி வந்தனர். பால்மரத்தில் நாம் வைத்த மங்கும் சுட்ட மண்ணாக இருந்த காலம் உண்டு. எத்தனை மழை நனைந்தும் அது கரைந்ததில்லை.

பிள்ளைகளோடு ஒரு சாண் உயரத்தில் மாடோ யானையோ செய்து பாருங்கள். ஓடைக்கரைக் களிமண்ணில் கல்லும் வேரும் நீக்கி, சிறு திரியாக உருட்டி விரலில் சுற்றுங்கள். விரிசலின்றி வளைந்தால் மண் நன்று. நான்கு பங்கு களிக்கு ஒரு பங்கு மெல்லிய மணல் போதும். உருண்டையைக் கட்டைவிரலால் குடைந்து கிண்ணமாக்குங்கள். இரு கிண்ணங்களை வாய்க்கு வாய் வைத்து ஒட்டினால் அதுவே வயிறு. சுவர் விரல் பருமனுக்கு மேற்படலாகாது. வயிற்றின் அடியில் ஒரு துளையிடுங்கள். ஒட்டுமிடங்களை முள்ளால் கீறி மண்குழம்பு தடவுவது கட்டாயம். இல்லாவிடின் காயும்போது காது ஒருபுறம், வால் ஒருபுறமாகக் கழன்றுவிடும்.

நிழலில், துணியால் மூடி, மெல்லக் காயவிடுங்கள். நம் ஈரக்காற்றில் இரண்டு வாரமானாலும் வியப்பில்லை. சூளையில் பொம்மை வெடித்தால் உள்ளே காற்று அகப்பட்டது என்பர் பலர். மெய்யான குற்றவாளி ஈரமே. நீர் 100 பாகையில் ஆவியாகி, வெளியேற வழியின்றி மண்ணைப் பிளக்கின்றது. பொம்மையைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் இன்னும் காயவில்லை என்று பொருள்.

சுடுவதை லயத்தினின்றும் மரங்களினின்றும் விலகிய வெட்டவெளியில், நிர்வாகத்தின் இசைவோடு செய்ய வேண்டும். பிள்ளைகள் எட்டி நிற்கட்டும். முதல் சில மணி நேரம் சிறுதீயே போதும். பின்னர் விறகை மிகுத்து, பொம்மை செந்நிறமாக ஒளிரும் வரை எரியுங்கள். ஏறத்தாழ 600 பாகையைக் கடந்த மண் மீண்டும் சேறாவதில்லை. சாம்பலை உடனே கிளறாமல், மறுநாள் பால்வெட்டு முடிந்து வந்து எடுங்கள். எடுத்ததை ஒரு வாளித் தண்ணீரில் இரவு முழுதும் விட்டுவையுங்கள். கரைந்தால் அடுத்த முறை விறகு கூட வேண்டும்.