காணாமற்போன குழந்தைகளும் காவல்நிலைய வாசலும்

(சீத்தா கேம்ப் திரையிடல் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



நாம் பார்த்த ‘செக்டர் 36’, நொய்டாவின் நிதாரிக் கொடுமையைத் தழுவி 2024இல் வெளிவந்த படம். கொலைகாரனின் மனத்தில் அது திகிலைத் தேடுகிறது. உண்மையான திகிலோ காவல்நிலைய வாசலில் இருந்தது. பிழைப்புத் தேடி வந்த ஏழைகளின் பிள்ளைகள் ஒவ்வொருவராக மறைந்தபோது, பெற்றோரின் புகார்கள் அலட்சியப்படுத்தப்பட்டன. 2006 டிசம்பரில் சாக்கடையில் எலும்புகள் கிடைத்த பின்னரே அரசு விழித்தது. தூக்குத்தண்டனை பெற்ற இருவரையும், விசாரணையின் குறைகளைச் சுட்டி, 2023இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் விடுவித்தது. எஞ்சிய ஒரு வழக்கிலும் 2025இல் உச்சநீதிமன்றம் விடுதலை வழங்கியது. படம் முடிந்துவிட்டது, அந்தத் தாய்மார்களுக்கு விடை கிடைக்கவில்லை.

காணாமற்போன குழந்தை பற்றிய புகாரை முதல் தகவல் அறிக்கையாகப் பதிய வேண்டுமென 2013 மே 10 அன்று உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. ஆணை தானாக நடவாது. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976இல், ஜனதா காலனியிலிருந்து அகற்றப்பட்டு இங்கே குடியேற்றப்பட்ட நாம், ஏழை சொல் எவ்வளவு எளிதில் தள்ளப்படும் என்பதை அறிவோம். ஆகவே, இனி எந்தத் தாயும் காவல்நிலையத்திற்குத் தனியே செல்லலாகாது. கிளைத் தோழர்கள் உடன் செல்லட்டும். அறிக்கையின் நகலைப் பெறாமல் திரும்ப வேண்டாம்.